ஒரு முக்காடு, பல அர்த்தம்

குடவாசல், கூத்தாநல்லூர் பக்கம் வயதான முஸ்லிம் பெண்களைக் கேட்டுப் பாருங்கள். அவர்கள் இளவயதில் வெளியே கிளம்பினால் புடைவைக்கு மேல் வெள்ளைத் துப்பட்டிதான். கறுப்பு புர்கா பரவலானதெல்லாம் பின்னால். எழுபதுகளுக்குப் பிறகு சபுராளிகள் வளைகுடாவுக்குப் போனார்கள். திரும்பி வந்தபோது பெட்டியோடு சேர்ந்து அதுவும் வந்தது. வேதம் மாறவில்லை. துணி மாறியது.

சரி, வேதம் என்னதான் சொல்கிறது?

குர்ஆனின் 24-வது அத்தியாயம். 30-வது வசனம் ஆண்களுக்கு. பார்வையைத் தாழ்த்துங்கள் என்கிறது. ஆமாம், முதல் உத்தரவு ஆண்களுக்குத்தான்! அடுத்த வசனம் பெண்களுக்கு. அவர்களும் பார்வையைத் தாழ்த்த வேண்டும். கூடவே முக்காட்டை மார்பின்மீது இட்டுக்கொள்ள வேண்டும். 'வெளியே தெரிவதைத் தவிர' மற்ற அலங்காரத்தைக் காட்டக் கூடாது.

அந்த 'வெளியே தெரிவது' எது? அங்கேதான் ஆரம்பித்தது விவாதம்.

மேலே போட்டிருக்கும் ஆடை என்றார் நபித்தோழர் இப்னு மஸ்ஊத். முகமும் கைகளும் என்று இப்னு அப்பாஸ் சொன்னதாகப் பதிவு இருக்கிறது. பத்தாம் நூற்றாண்டில் மறைந்த தபரி இரண்டையும் தன் விரிவுரையில் எழுதிவைத்துவிட்டு, இரண்டாவதன் பக்கம் நின்றார். முகம் மறைக்க வேண்டிய உறுப்பல்ல என்பது ஹனஃபிகளின் அடிப்படைக் கருத்து. மறைத்தே ஆகவேண்டும் என்பார்கள் ஷாஃபி அறிஞர்களில் பலர். தமிழ் முஸ்லிம்களில் இரண்டு மத்ஹபினரும் உண்டு.

தலையை மறைப்பதில் இவர்களுக்குள் பேதமில்லை. அதையும் கேள்வி கேட்டவர்கள் இருபதாம் நூற்றாண்டில் வந்தார்கள். மொராக்கோவின் ஃபாத்திமா மெர்னிஸ்ஸி ஒருவர். குர்ஆனில் 'ஹிஜாப்' என்ற சொல் தலைத்துணியைக் குறிக்கவில்லை, திரையைக் குறிக்கிறது என்று 1987-ல் எழுதினார். அந்த வசனம் இறங்கிய சூழலைப் பாருங்கள் என்றார். சூழல் எதுவானாலும் கட்டளை எக்காலத்துக்கும்தான் என்றார்கள் எதிர்த்தரப்பினர்.

இந்த விவாதம் நம் நீதிமன்றத்துக்கும் வந்தது. ஹிஜாப் இஸ்லாத்தின் அத்தியாவசிய வழக்கமல்ல என்று 2022 மார்ச் 15 அன்று கர்நாடக உயர்நீதிமன்றம் சொன்னது. மாணவிகள் உச்ச நீதிமன்றம் போனார்கள். அக்டோபர் 13 அன்று இரண்டு நீதிபதிகள், இரண்டு தீர்ப்பு. ஹேமந்த் குப்தா தடையை ஏற்றார். சுதான்ஷு தூலியா ரத்து செய்தார். வேத ஆராய்ச்சியே இங்கே தேவையில்லை, இது அந்தப் பெண்ணின் விருப்பம் என்பது தூலியாவின் கட்சி. ஹிஜாபைக் காரணம் காட்டிப் படிப்பை மறுத்தால் அவள் வாழ்க்கை மேம்பட்டுவிடுமா என்றும் கேட்டார். வழக்கு பெரிய அமர்வுக்குப் பரிந்துரையானது.

அதே ஆண்டு செப்டம்பரில்தான் ஈரானில் மாஸா அமினி இறந்தார். வயது 22. ஹிஜாபைச் சரியாக அணியவில்லை என்று போலீஸ் பிடித்துப்போன மூன்றாவது நாள்.

அங்கே சரியாகப் போடாததற்காகப் பிடித்தார்கள். இங்கே போட்டதற்காகக் கல்லூரி வாசலில் நிறுத்தினார்கள். ஆயிரம் வருடங்களுக்கு மேலாக இமாம்கள் ஒரே வசனத்துக்குப் பல அர்த்தம் சொல்லி, ஒருவரை ஒருவர் மறுத்துக்கொண்டும் மதித்துக்கொண்டும் இருந்திருக்கிறார்கள். அரசாங்கங்களுக்குத்தான் அந்தப் பொறுமை இல்லை. போட்டுக்கொள்ளவேண்டிய பெண்ணுக்கு அந்த வசனம் என்ன சொல்கிறது? அதை எந்த அரசாங்கமாவது கேட்டதா?