நாலரை அடித் தடுப்பும் உள்ளங்கைத் திரையும்

2005இல் பிளஸ் டூ ரிசல்ட் வந்த காலை, பேருந்து நிலையத்துக்கு எதிரே மாடியில் இருந்த பிரவுசிங் சென்டரில் அண்ணனோடு நின்றேன். எங்களுக்கு முன்னால் இருபது பேராவது இருப்பார்கள். கடைக்காரர் என் பதிவெண்ணைத் தட்டினார். மதிப்பெண்கள் வரி வரியாக இறங்கின. பிரிண்ட் அவுட்டை வாங்கிக்கொண்டு படியிறங்கினோம். பள்ளிப் பருவத்தில் நான் இணையத்தைப் பார்த்தது அந்த ஒரு நாள்தான்.

அண்ணன் வாராவாரம் போவான். மணிக்கு இருபது ரூபாய். அவன் கையில் அரைமணிக்குத்தான் காசு இருக்கும். அதனால் பார்க்க வேண்டியதையெல்லாம் நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதிக்கொண்டு கிளம்புவான். யாஹூ மெயில், ஆர்குட், கிரிக்கெட் ஸ்கோர், எந்தக் கல்லூரியில் என்ன கட்டணம். நேரம் முடிந்ததும் கடைக்காரர் குரல் கொடுப்பார். எழுந்துதான் ஆக வேண்டும்.

இப்போது அவன் மகள் பிளஸ் ஒன் படிக்கிறாள். 2016க்குப் பிறகு டேட்டா மலிவானது; 2020இல் பள்ளிகள் மூடியபோது வகுப்பே போனுக்குள் வந்தது. அப்போது கைக்கு வந்த போன் கையிலேயே தங்கிவிட்டது. சென்ற மாதம் அவள் அருகில் உட்கார்ந்திருந்தேன். வேதியியலில் மோல் கணக்கு புரியவில்லை. புத்தகத்தில் இருந்த க்யூஆர் கோடை ஸ்கேன் செய்தாள். போதவில்லை என்று யூடியூபுக்குப் போனாள். ஓர் ஆசிரியர் தமிழில் பொறுமையாக விளக்கினார். “புரிஞ்சிடுச்சு அத்தை” என்றபோது மணி எட்டரை. அடுத்து ஒரு ஷார்ட்ஸ் வந்தது, அதன் பின்னால் இன்னொன்று. அவள் தலை நிமிர்ந்தபோது பத்தேகால்.

இருவரில் யாருக்குக் கட்டுப்பாடு அதிகம் என்று கேட்பது நியாயமில்லை. அண்ணனுக்குப் பதில் கடிகாரமும் காசும் கணக்குப் பார்த்தன. அவளுடைய திரையோ முடிவே வராதபடி வடிவமைக்கப்பட்டது. தேடி வந்தது கிடைத்த பிறகும் பிள்ளையை உட்கார வைப்பதில்தான் செயலி நடத்தும் நிறுவனங்களின் விளம்பர வருமானம் இருக்கிறது.

சட்டத்தின் பார்வையும் இடம் மாறியிருக்கிறது. ஒன்றிய அரசு 2011இல் கொண்டுவந்த சைபர் கஃபே விதிகள், இருக்கைகளைச் சுற்றிய தடுப்புப் பலகை தரையிலிருந்து நாலரை அடிக்கு மேல் உயரக் கூடாது என்றன. பெற்றோரோ பாதுகாவலரோ உடன் இல்லாமல் சிறுவர்கள் தடுப்புக்குள் உட்காரக் கூடாது என்றன. பிள்ளை நாலு பேர் கண்ணில் பட வேண்டும் என்பதே அவற்றின் கருத்து. 2023ஆம் ஆண்டின் தரவுப் பாதுகாப்புச் சட்டமோ 18 வயதுக்குட்பட்டோரின் தகவலைக் கையாள, சரிபார்க்கத்தக்க பெற்றோர் ஒப்புதலைக் கேட்கிறது. அவர்களைக் குறிவைக்கும் விளம்பரங்களைத் தடுக்கிறது. இது தேவையான காவல்தான். ஆனால் இது காப்பது பிள்ளையின் தகவலை. போர்வைக்குள் இரவு பதினொரு மணிக்கு அவள் என்ன பார்க்கிறாள், எதைப் பார்த்து அழுகிறாள் என்பது எந்தச் சட்டத்தின் கண்ணுக்கும் எட்டாது.

அதற்காகப் பழைய காலத்தைக் கொண்டாட என்னால் முடியாது. அந்த மாடிப்படி அண்ணனுக்குத் திறந்திருந்தது, எனக்கு இல்லை. “பொண்ணுக்கு அங்க என்ன வேலை” என்ற ஒரே கேள்வியில் முடிந்தது. என்ன படிக்கலாம், எங்கே படிக்கலாம் என்பதை அவன் தேடித் தெரிந்துகொண்டான். நான் அவன் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். இன்று அவன் மகள் யாரிடமும் அனுமதி கேட்காமல் மோல் கணக்கைத் தீர்த்துக்கொள்கிறாள். போனைப் பிடுங்கி வைப்பதே தீர்வு என்று வீடு முடிவெடுத்தால், முதலில் பறிபோவது பெண் பிள்ளையின் போன்தான். எனக்கு அன்று மூடிய கதவு அவளுக்கும் மூடும்.

பிரவுசிங் சென்டரிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியவை மூன்று: எதற்காகத் திறக்கிறோம் என்ற தெளிவு, எப்போது எழ வேண்டும் என்ற எல்லை, பக்கத்தில் ஓர் ஆள். அண்ணன் வீட்டில் இப்போது இரவு ஒன்பதரைக்கு எல்லார் போனும் கூடத்து அலமாரிக்குப் போகிறது, அவனுடையதும் சேர்த்து. முதல் வாரம் அதிகம் தவித்தவன் அவன்தான். அதைப் பார்த்த பிறகுதான் மகளும் மறுபேச்சில்லாமல் வைக்க ஆரம்பித்தாள்.

கதவு திறந்தே இருக்கட்டும். நாலரை அடிக்கு மேல் தடுப்பு எழாமல் பார்த்துக்கொள்வது இனி வீட்டின் வேலை.