வெள்ளிக் காசும் ஆறு மாசம்கூட நிலைக்காத ஒரு வெற்றியும்

இன்னைக்கு எபிசோடு ஒரு வெள்ளிக் காசுல ஆரம்பிக்குது. எடை மூணு அவுன்ஸ், அதாவது சுமார் 93 கிராம். ஒரு பக்கம் புகழ்பெற்ற ஐரோப்பிய ஓவியம் கலர்ல இருக்கும், கூடவே பதிச்ச கிரிஸ்டல் கற்கள். திருப்பினா எலிசபெத் ராணி. கீழே 'குக் தீவுகள்', மதிப்பு 20 டாலர்.

உள்ள இருக்கற வெள்ளியே 20 டாலருக்கு மேல போகும். அதனால இதைக் கடையில நீட்டி யாரும் சாமான் வாங்கப் போறதில்ல. அப்புறம் எதுக்கு அந்த 20? அது இல்லைன்னா இது வெறும் பதக்கம். ஒரு நாடு தன் பேரையும் ஒரு மதிப்பையும் போட்டாத்தான் நாணயம். சேகரிப்பாளர்கள் தேடுறது நாணயத்தைத்தான். வெளிநாட்டு நிறுவனம் வடிவமைச்சு விற்கும். நாடு பேரைக் கொடுத்து ராயல்டி வாங்கும். டுவாலு தன்னோட 'டாட் டிவி' டொமைனை வெச்சு சம்பாதிக்கற அதே லாஜிக்.

பசிபிக்ல இருக்கற குக் தீவுகள் 1965-ல் சுயாட்சி பெற்றது. காசுக்கு முன்னாடியே ஐரோப்பிய ஓவியங்கள் போட்ட தபால்தலைகளை உலகம் முழுக்க வித்துச்சு. விற்பனை உரிமை ஃபின்பார் கெனிங்கற அமெரிக்க வியாபாரிகிட்ட இருந்தது.

1978 மார்ச்சில் தேர்தல். ஓட்டுப் போடணும்னா ஊர்ல இருக்கணும். ஆனா நிறைய பேர் வேலைக்காக நியூசிலாந்துல இருந்தாங்க. பிரதமர் ஆல்பர்ட் ஹென்றியோட கட்சி தன் ஆதரவாளர்களை விமானத்துல கூட்டிட்டு வந்தது. அதுக்கு கெனி கொடுத்தது 337,000 நியூசிலாந்து டாலர். தபால்தலை உரிமை தன் கையை விட்டுப் போகக்கூடாதுங்கறதுதான் அவரோட கணக்கு.

ஹென்றி ஜெயிச்சார். ஜூலையில் நீதிமன்றம் அந்த ஓட்டுகளைச் செல்லாதுன்னு சொன்னது. ஆட்சி டாம் டேவிஸ்கிட்ட போனது. அடுத்த வருஷம் கெனியோட நிறுவனம் அமெரிக்காவில் குற்றத்தை ஒப்புக்கிட்டு 50,000 டாலர் அபராதம் கட்டியது. 1980-ல் ஹென்றியோட 'சர்' பட்டமும் பறிபோனது.

ஏற்றுமதிக்குப் பெருசா சரக்கு இல்லாத நாடு தன் பேரை விற்கறதை நான் குறை சொல்லமாட்டேன். அதுல வர்ற காசு அங்க இருக்கறவங்களுக்குத் தேவை. ஆனா அந்தப் பேர் பிரதமரோட சொத்து இல்ல, மக்களோட சொத்து. அழகான காசு ஒண்ணு கண்ணுல பட்டா ஓவியத்தை ரசிங்க; அப்படியே திருப்பி, எந்த நாட்டுப் பேர், அதை விற்க யார் கையெழுத்துப் போட்டாங்கன்னும் தேடிப் பாருங்க.