ஆடையைக் கிழித்த தந்தை, ஏட்டைக் கிழித்த மகன்

(வானொலியில் வழங்கப்பட்ட மறையுரை)



நல்ல தலைவர் யார் என்ற கேள்வி எழுந்தால், நாம் திருவிவிலியத்தைத் திறந்து தாவீதிடமோ சாலமோனிடமோ போய் நின்றுவிடுகிறோம். ஒருவர் கோலியாத்தை வீழ்த்தியவர். மற்றவர் ஞானத்தைக் கேட்டுப் பெற்றவர். அவர்களைப் பற்றி மறைக்கல்வி வகுப்பிலேயே நிறையக் கேட்டிருக்கிறோம். இன்று அவர்களை விட்டுவிட்டு, சாலமோனுக்கு ஏறத்தாழ 300 ஆண்டுகளுக்குப் பிறகு எருசலேமில் ஆண்ட ஒரு தந்தையையும் மகனையும் பார்க்கலாம். தந்தை யோசியா. மகன் யோயாக்கிம். இருவர் முன்னிலையிலும் ஓர் ஏட்டுச்சுருள் வாசிக்கப்பட்டது. இருவரும் அதைக் கேட்டு ஒன்றைக் கிழித்தார்கள்.

யோசியா எட்டு வயதில் அரசரானவர். எட்டு வயதுப் பிள்ளை அரியணை ஏறியதென்றால் அந்த வீட்டில் ஏதோ நடந்திருக்கிறது என்று பொருள். அவருடைய தந்தை ஆமோன் தம் சொந்தப் பணியாளர்களாலேயே அரண்மனைக்குள் கொல்லப்பட்டார். தாத்தா மனாசேயோ 55 ஆண்டுகள் ஆண்டவர். எருசலேமை மாசற்றவர்களின் இரத்தத்தால் நிரப்பியவர் என்று அரசர்கள் இரண்டாம் நூல் அவரைப் பற்றி எழுதி வைத்திருக்கிறது. இப்படிப்பட்ட குடும்பத்திலிருந்து இப்படி ஒரு பிள்ளை எப்படி வந்தான் என்பதற்குத் திருவிவிலியம் விளக்கம் தரவில்லை. தாயின் பெயர் எதிதா என்று மட்டும் சொல்கிறது.

அவருடைய ஆட்சியின் 18-ஆம் ஆண்டில், அதாவது கி.மு. 622 அளவில், கோவிலைப் பழுதுபார்க்கும் வேலை நடந்துகொண்டிருந்தது. அரச எழுத்தர் சாப்பான், காணிக்கைப் பணத்தைக் கணக்கிட்டு வேலையாள்களுக்குக் கொடுக்கச் செய்யும்படி தலைமைக் குரு இல்க்கியாவிடம் அனுப்பப்பட்டார். (வேலையை மேற்பார்த்தவர்கள் நேர்மையாக நடந்ததால் அவர்களிடம் யாரும் கணக்குக் கேட்கவில்லை என்று அங்கே ஒரு வசனம் உண்டு. கட்டடக் குழுவினர் சிலருக்கு இந்த வசனம் மிகவும் பிடிக்கும். பணத்தை முதலில் கணக்கிடச் சொன்ன வசனம் அதற்கு மூன்று வசனங்கள் முன்னால் இருக்கிறது!) அப்போதுதான் இல்க்கியா, கோவிலில் திருச்சட்ட நூலைக் கண்டெடுத்ததாகச் சொல்லி அதைச் சாப்பானிடம் கொடுத்தார். இன்று நம் கையிலுள்ள இணைச்சட்ட நூலின் மையப் பகுதியே அது என்பது விவிலிய அறிஞர்களில் பெரும்பாலோரின் கருத்து.

சாப்பான் அரசரிடம் திரும்பி வந்து முதலில் பணத்தைப் பற்றித்தான் அறிக்கை தருகிறார். அதன் பிறகே, குரு ஒரு நூலைத் தந்தார் என்று சொல்லி வாசிக்கத் தொடங்குகிறார். வாசிப்பு முடிந்ததும் யோசியா தம் ஆடையைக் கிழித்துக்கொண்டார்.

இணைச்சட்ட நூல்தான் அது என்றால், அரசர் எதைக் கேட்டிருப்பார் என்பதையும் நாம் ஊகிக்கலாம். அதன் 17-ஆம் அதிகாரத்தில் அரசருக்கென்றே ஒரு சட்டம் இருக்கிறது. குதிரைகளைப் பெருக்கக் கூடாது, மனைவியரைப் பெருக்கக் கூடாது, வெள்ளியும் பொன்னும் மிகுதியாகச் சேர்க்கக் கூடாது. இந்தச் சட்டத்தின் பிரதி ஒன்றைத் தமக்கென எழுதிவைத்து வாழ்நாளெல்லாம் வாசிக்க வேண்டும்; தம் சகோதரரைவிடத் தாம் மேலானவர் என்ற எண்ணம் அவர் உள்ளத்தில் எழக் கூடாது. அண்டை நாட்டு அரசர்களெல்லாம் மக்களுக்காகச் சட்டம் இயற்றிய காலத்தில், இந்த நூல் அரசருக்கே சட்டம் இயற்றியது. சாலமோனின் குதிரை இலாயங்களையும் அந்தப்புரத்தையும் நினைத்துப் பார்த்தால், அவர் மீறிய கட்டளைகளின் பட்டியல் போலவே இது இருக்கிறது.

ஆடையைக் கிழிப்பது ஒரு கண நேர உணர்ச்சியாகவும் இருந்துவிடலாம். யோசியா அதோடு நிற்கவில்லை. குருவையும் எழுத்தரையும் இன்னும் மூவரையும் அனுப்பி, ஆண்டவரின் திருவுளத்தைக் கேட்டுவரச் சொன்னார். அவர்கள் போனது குல்தா என்ற பெண் இறைவாக்கினரிடம். அப்போது எரேமியா இறைவாக்கு உரைக்கத் தொடங்கி ஐந்து ஆண்டுகளாகியிருந்தும், நாட்டின் மிக உயர்ந்த அதிகாரிகள் ஐவர் ஒரு பெண்ணின் வீட்டு வாசலில் போய் நின்றார்கள். திருவிவிலியம் அதை ஒரு வியப்பாகக்கூடக் குறிப்பிடவில்லை என்பது எனக்கு வியப்பு.

குல்தா சொன்ன பதில் இனிப்பானதல்ல. இந்த நகர்மீது தீங்கு வரத்தான் போகிறது. ஆனால் அரசர் உள்ளம் இளகித் தம்மைத் தாழ்த்தி அழுததால், அதை அவர் கண் காணாது. இதைக் கேட்ட யோசியா அதன் பிறகு என்ன செய்தார் என்பதைக் கவனியுங்கள். எப்படியும் அழியப்போகும் நகருக்கு எதற்குச் சீர்திருத்தம் என்று கையைக் கட்டிக்கொண்டு உட்காரவில்லை. பெரியோர் முதல் சிறியோர் வரை எல்லாரையும் கோவிலில் கூட்டி, அந்த நூலை அவர்கள் கேட்க வாசித்தார், தூணருகில் நின்று உடன்படிக்கை செய்துகொண்டார், சிலைகளை அகற்றினார், பாஸ்காவைக் கொண்டாடச் செய்தார். பலன் தம் கையில் இல்லை என்று தெரிந்தும் கடமையைச் செய்தார். தாவீதின் கவணைவிட எனக்கு இது பெரிதாகப்படுகிறது.

இனி மகனிடம் வருவோம். கி.மு. 609-இல் யோசியா மெகிதோவில் எகிப்திய மன்னர் நெக்கோவின் படையை எதிர்க்கப் போய் இறந்தார். மக்கள் அவருடைய மகன் யோவகாசை அரசராக்கினார்கள். மூன்றே மாதத்தில் நெக்கோ அவரை இறக்கிவிட்டு, எலியாக்கிம் என்ற மற்றொரு மகனை அரியணையில் அமர்த்தி, பெயரையும் யோயாக்கிம் என்று மாற்றினார். நாட்டின்மீது 100 தாலந்து வெள்ளியும் ஒரு தாலந்து பொன்னும் தண்டம் விதிக்கப்பட்டது. அந்த வெள்ளி மட்டுமே மூன்று டன்னுக்கு மேல் இருக்கும். அது முழுவதும் மக்களிடமிருந்து வரியாகப் பிடுங்கப்பட்டது.

நாடு இந்த நிலையில் இருக்கும்போது யோயாக்கிம் தமக்கென அரண்மனை கட்டினார். அகன்ற மேல்மாடிகள், சாளரங்கள், கேதுரு மரப் பலகைகள், சிவப்பு வண்ணப் பூச்சு. வேலை செய்தவர்களுக்குக் கூலி தரவில்லை. எரேமியா நூலின் 22-ஆம் அதிகாரம் இதை நேருக்கு நேராகக் கேட்கிறது. கேதுரு மரத்தில் மற்றவர்களோடு போட்டி போடுவதாலா நீ அரசனாகிறாய்? உன் தந்தையும் உண்டார், குடித்தார். ஆனால் ஏழையின் வழக்கையும் எளியவரின் வழக்கையும் கேட்டுத் தீர்ப்பளித்தார். ஆண்டவரை அறிதல் என்பது அதுதானே? எரேமியாவின் வாதத்தைச் சுருக்கினால் இவ்வளவுதான். யோசியா பட்டினி கிடந்த துறவியல்லர், நன்றாக உண்டு குடித்து வாழ்ந்த மனிதர்தாம் என்பதை இறைவாக்கினர் சேர்த்துச் சொல்வது எனக்கு ஆறுதலாக இருக்கிறது.

யோயாக்கிமின் ஐந்தாம் ஆண்டு, ஒன்பதாம் மாதம். நம் கணக்கில் கி.மு. 604 டிசம்பர். அதற்கு முந்தின ஆண்டுதான் பாபிலோனின் நெபுகத்னேசர் கர்க்கமிசில் எகிப்தியரை முறியடித்திருந்தார். 1956-இல் வெளியிடப்பட்ட பாபிலோனியக் களிமண் ஏடு ஒன்று அவருடைய படையெடுப்புகளை ஆண்டுவாரியாகச் சொல்கிறது. கடற்கரை நகரான அஸ்கலோன் அழிந்தது இதே குளிர்காலத்தில். எருசலேமில் எல்லாரும் நோன்பு இருக்க அறிவிக்கப்பட்டதற்குக் காரணம் இந்த அச்சமாகவே இருந்திருக்கலாம்.

கோவிலுக்குள் நுழைய எரேமியாவுக்குத் தடை. எனவே அவர் சொல்லச் சொல்ல எழுதிய பாரூக்கு, அந்த ஏட்டுச்சுருளைக் கோவிலில் கெமரியா என்பவரின் அறையிலிருந்து மக்களுக்கு வாசித்தார். இந்தக் கெமரியா வேறு யாருமல்லர். யோசியாவுக்கு நூலை வாசித்த அதே சாப்பானின் மகன். கெமரியாவின் மகன் மிக்காயா அதைக் கேட்டுவிட்டு அரண்மனைக்கு ஓடி அதிகாரிகளிடம் சொன்னார். அவர்கள் பாரூக்கை அழைத்து, உட்கார வைத்து, மறுபடியும் வாசிக்கச் சொன்னார்கள். கேட்டு நடுங்கினார்கள். அரசரிடம் சொல்லியே ஆக வேண்டும். ஆனால் அரசரைப் பற்றி அவர்களுக்குத் தெரியும். ஆகவே எரேமியாவோடு போய் ஒளிந்துகொள் என்று பாரூக்கிடம் சொல்லிவிட்டு, ஏட்டை ஓர் அறையில் வைத்துவிட்டு, வெறுங்கையோடு அரசரிடம் போனார்கள். உண்மையைச் சொல்பவரைத் தலைவரின் கண்ணிலிருந்து ஒளித்துவைக்க வேண்டிய நிலை வந்துவிட்டது, பாருங்கள்!

அரசர் ஏட்டைக் கொண்டுவரச் சொன்னார். குளிர்கால மாளிகை, முன்னால் கணப்புச் சட்டியில் நெருப்பு. யெகுதி என்பவர் வாசித்தார். மூன்று நான்கு பத்திகள் முடிந்ததும் அரசர் எழுத்தர்களின் கத்தியை எடுத்து அந்தப் பகுதியை அறுத்து நெருப்பில் போட்டார். அடுத்த மூன்று நான்கு பத்திகள். மீண்டும் கத்தி. ஏடு முழுவதும் தீரும்வரை இப்படியே நடந்தது. கோபத்தில் பிடுங்கி எறிந்திருந்தால்கூட மனிதச் செயல் என்று விட்டுவிடலாம். இவர் நிதானமாக, முழுவதையும் கேட்டுக்கொண்டே எரித்தார்.

யோசியா ஆடையைக் கிழித்ததைச் சொல்லும் எபிரேய வினைச்சொல்லும், யோயாக்கிம் ஏட்டை அறுத்ததைச் சொல்லும் எபிரேய வினைச்சொல்லும் ஒன்றே. அதோடு, யாரும் அஞ்சவில்லை, யாரும் தம் ஆடையைக் கிழித்துக்கொள்ளவில்லை என்று எரேமியா நூல் தனியாகவும் குறிப்பிடுகிறது. தந்தை கேட்டவிதத்தை நினைவில் வைத்துத்தான் மகனின் கதை எழுதப்பட்டிருக்கிறது.

எரிக்க வேண்டாம் என்று மூவர் கெஞ்சினார்கள். அவர்களில் கெமரியா ஒருவர், எல்னாத்தான் மற்றொருவர். இந்த எல்னாத்தான்தான் சில ஆண்டுகளுக்கு முன் எகிப்துக்குப் போய், தப்பியோடிய உரியா என்ற இறைவாக்கினரைப் பிடித்து வந்து யோயாக்கிமின் வாளுக்குக் கொடுத்தவர். அந்த மனிதரின் மனத்தில் இடையில் என்ன நடந்ததோ! தவறான ஆணைக்கு ஒருமுறை பணிந்தவரும் அடுத்த முறை வாய் திறக்கலாம் என்பதற்காகவே அவர் பெயரை நான் நினைவில் வைத்திருக்கிறேன்.

இதைச் சொல்லும்போது எனக்கே ஒன்று உறுத்துகிறது. குருவான தொடக்க ஆண்டுகளில், நான் பணியாற்றிய ஒரு பங்கில் பெயர் போடாத ஒரு கடிதம் வந்தது. வசதியானவர் வீட்டு அடக்கத் திருப்பலி ஒரு மணி நேரம், கூலிக்காரர் வீட்டு அடக்கம் இருபது நிமிடம். இது ஏன் என்று கேட்டிருந்தார்கள். பெயர் போட வக்கில்லாதவர்களுக்கு என்ன பதில் என்று சொல்லிக் கிழித்துக் குப்பைக் கூடையில் போட்டேன். பெயர் போட அவர்கள் ஏன் அஞ்சினார்கள் என்று என்னையே கேட்கவில்லை. அடுத்து ஆயர் பங்குக்கு வந்தபோது அதே கேள்வி மக்கள் முன்னிலையில் எழுந்தது, இன்னும் நான்கு கேள்விகளையும் துணைக்கு அழைத்துக்கொண்டு.

எரேமியாவும் அதைத்தான் செய்தார். வேறோர் ஏட்டுச்சுருளை எடுத்தார். பாரூக்கு மறுபடியும் எழுதினார். முன்பு இல்லாத பல சொற்களும் சேர்க்கப்பட்டன. கி.மு. 598-இல் யோயாக்கிம் இறந்தார். அடுத்த ஆண்டு அவருடைய மகன் யோயாக்கின் பாபிலோனியரிடம் சரணடைந்தார். கி.மு. 587-இல் எருசலேம் எரிந்தது.

ஆனால் யோசியாவைக் குறையே இல்லாதவராக உங்கள் முன் நிறுத்த எனக்கு விருப்பமில்லை. திருவிவிலியமும் அப்படிச் செய்யவில்லை. மெகிதோவுக்குப் போகும் முன், உன்னோடு எனக்குச் சண்டையில்லை, விலகிக்கொள் என்று நெக்கோ தூது அனுப்பினார். அந்தச் சொல் கடவுளின் வாயிலிருந்து வந்தது, யோசியா அதைக் கேட்கவில்லை என்று குறிப்பேடு இரண்டாம் நூல் வெளிப்படையாகச் சொல்கிறது. கோவிலில் கிடைத்த நூல் பேசியபோது கேட்டார்; குல்தா பேசியபோது கேட்டார்; பிற இனத்து மன்னர் ஒருவர் பேசியபோது கேட்கவில்லை. அப்போது அவருக்கு வயது 39.

கடைசியாக ஒரு செய்தி. 1982-இல் எருசலேமில் தாவீதின் நகர் எனப்படும் பகுதியில் இகால் சீலோ என்ற தொல்லியல் அறிஞர் அகழாய்வு செய்தபோது, எரிந்துபோன ஒரு வீட்டில் ஐம்பதுக்கும் மேற்பட்ட களிமண் முத்திரைகள் கிடைத்தன. ஆவணங்களைச் சுருட்டி நூல் கட்டி, அதன்மேல் ஈரக் களிமண் வைத்துப் பதித்த முத்திரைகள் அவை. பாபிலோனியர் வைத்த தீயில் ஆவணங்கள் சாம்பலாயின. களிமண்ணோ சூளையில் வெந்த செங்கல்போல் இறுகி 2,500 ஆண்டுகளுக்கு மேல் நிலைத்துவிட்டது. அவற்றில் ஒன்றில், சாப்பான் மகன் கெமரியாவுக்கு உரியது என்று பழைய எபிரேய எழுத்தில் பதிந்திருக்கிறது. எரிக்க வேண்டாம் என்று அரசரிடம் கெஞ்சிய அந்த அதிகாரியின் முத்திரையே இது என்று அறிஞர் பலர் கருதுகின்றனர். யோயாக்கிம் கட்டிய கேதுரு மாளிகையிலிருந்து ஒரு பலகைகூட நமக்குக் கிடைக்கவில்லை.

அன்பார்ந்தவர்களே, இன்று இரவு குடும்பச் செபத்தின்போது அரசர்கள் இரண்டாம் நூல் 22-ஆம் அதிகாரத்தையும் எரேமியா 36-ஆம் அதிகாரத்தையும் அடுத்தடுத்து உரக்க வாசியுங்கள். இரண்டும் சேர்ந்து 52 வசனங்கள்தாம். வீட்டில் சிறியவர் யாரோ அவரே வாசிக்கட்டும், பெரியவர்கள் கேட்கட்டும்.