பெயரில்லாத பொத்தான்: அகப்பக்க அணுகல் சட்டம் வந்த கதை



முதல்ல ஒரு சின்ன சோதனை. உங்கள் திறன்பேசியில் திரைவாசிப்பானை முடுக்கிவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு, ஏதாவது ஒரு கடையின் அகப்பக்கத்தில் ஒரு பொருள் வாங்கிப் பாருங்கள். ரெம்பியாவில் என்னிடம் படித்த ஒரு மாணவிக்குப் பார்வை மிகக் குறைவு. எஸ்.பி.எம். பயிற்சி நூல் ஒன்றை இணையத்தில் வாங்கப் போனார். நூலின் பெயர், விலை எல்லாம் காதில் விழுந்தது. பணம் கட்டும் இடம் வந்ததும் கருவி “பொத்தான், பொத்தான், பொத்தான்” என்று மட்டும் சொன்னது. “எந்தப் பொத்தான் சார்?” என்று எனக்குப் போன் செய்து கேட்டார். கடைக்காரர் பொத்தானைப் படமாக வைத்தாரே தவிர, அந்தப் படத்துக்கு ஒரு பெயர் எழுதவில்லை. காரணம் அவ்வளவுதான்.

இதே குறைக்காக ஒருவர் 1999இல் புகார் கொடுத்தார். ஆஸ்திரேலியாவின் புரூஸ் மெகுவயர் பார்வையற்றவர். கணினித் திரையில் வருவதைப் பிரெய்ல் புள்ளிகளாக மாற்றும் கருவியை விரலால் தடவிப் படிப்பவர். சிட்னி ஒலிம்பிக்கின் அகப்பக்கத்தில் படங்களுக்கு மாற்று எழுத்து இல்லை. போட்டி முடிவுகளின் அட்டவணைகளையும் படிக்க முடியவில்லை. ஏற்பாட்டுக் குழு என்ன சொன்னது தெரியுமா? இதைச் சரிசெய்ய ஓர் ஆளுக்கு 368 நாள் பிடிக்குமாம்! ஒரு சிறு குழு நான்கு வாரத்தில் முடித்துவிடும் என்றார்கள் மறுபக்கத்து வல்லுநர்கள். 1992ஆம் ஆண்டின் ஊனமுற்றோர் பாகுபாட்டுச் சட்டத்தின்படி, 2000 ஆகஸ்டில் மெகுவயர் பக்கமே தீர்ப்பானது. உத்தரவை முழுதாக நிறைவேற்றாததால் குழு 20,000 ஆஸ்திரேலிய டாலர் இழப்பீடு கொடுக்க வேண்டியதாயிற்று. ஒலிம்பிக் என்னவோ அதற்குள் முடிந்துபோயிற்று.

அமெரிக்கக் கதை வேறு மாதிரி. அங்கே உடற்குறையுடையோர் சட்டம் 1990இல் வந்தது. அதில் அகப்பக்கம் என்ற சொல்லே கிடையாது. எப்படி இருக்கும், அப்போது கடைகளுக்கு அகப்பக்கமே இல்லையே! கில்யெர்மோ ரோப்லஸ் என்ற பார்வையற்றவர், திரைவாசிப்பானை வைத்து டோமினோஸ் பீட்சாவை வாங்க முடியவில்லை என்று 2016இல் வழக்குப் போட்டார். எந்தத் தரத்தைப் பின்பற்ற வேண்டும் என்று அரசு எங்களுக்குச் சொல்லவில்லையே என்று நிறுவனம் வாதாடியது. விதி எழுதாவிட்டாலும் கடமை கடமைதான் என்ற போக்கில் 2019 ஜனவரியில் மேல்முறையீட்டு நீதிமன்றம் முடிவு சொன்னது. அதே ஆண்டு அக்டோபரில் உச்ச நீதிமன்றம் நிறுவனத்தின் மனுவை எடுத்துக்கொள்ளவில்லை.

சரி, நம் நாட்டுக்கு வருவோம். மலாக்காவுக்கே இதில் ஒரு பழைய தொடர்பு உண்டு. பார்வையற்றோருக்கான செயின்ட் நிக்கலஸ் இல்லத்தை ஆங்கிலிக்கன் திருச்சபையினர் 1926இல் இங்கேதான் தொடங்கினார்கள். 1931இல் அது பினாங்குக்கு மாறியது. அந்தக் காலத்தில் அதைத் தருமக் காரியம் என்றே பார்த்தார்கள். 2008 ஜூலை 7இல் நடைமுறைக்கு வந்த உடற்பேறு குறைந்தோர் சட்டம், அதாவது 685ஆம் சட்டம், அதை உரிமை என்று எழுதியது. தகவல், தொடர்பு, தொழில்நுட்பம் ஆகியவற்றை மற்றவர்களுக்குச் சமமாக அணுகும் உரிமை அதன் 30ஆவது பிரிவில் இருக்கிறது. 2010இல் மலேசியா ஏற்புறுதி அளித்த ஐ.நா. உடன்படிக்கையின் 9ஆவது விதி, இணையத்தைப் பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது. மாணவர்களே, கட்டுரையில் “சமுதாயம் கைகொடுக்க வேண்டும்” என்று எழுதி நிறுத்திவிடாமல் இந்தப் பிரிவையும் குறிப்பிடுங்கள்.

ஆனால் 2008இல் எழுதப்பட்ட அந்தச் சட்டத்தில், மீறுகிற கடைக்கு இவ்வளவு அபராதம் என்று ஒரு வரி இல்லை. அரசாங்கத்தின் மீது வழக்குத் தொடுக்க முடியாதபடி 41ஆவது பிரிவு காப்பும் கொடுத்தது. என் மாணவி யாரிடம் போய் முறையிடுவார்? என்னைக் கேட்டால், சட்டத்தின் பெரிய ஓட்டை இதுதான். ஐரோப்பிய ஒன்றியத்தின் அணுகல் சட்டம் 2025 ஜூன் 28 முதல் இணையக் கடைகளுக்கும் பொருந்துகிறது. அங்குள்ள வாடிக்கையாளருக்கு விற்கும் நம் ஊர் நிறுவனமும் அதற்குக் கட்டுப்பட வேண்டும். பத்துப் பேருக்கும் குறைவானவர்கள் வேலைசெய்யும் மிகச் சிறிய சேவை நிறுவனங்களுக்கு மட்டும் விலக்கு உண்டு.

எல்லாரும் கைகாட்டும் அளவுகோல் ஒன்றுதான்: டபிள்யூ3சி அமைப்பு 1999இல் முதன்முதலாக வெளியிட்டு, 2008, 2018, 2023 ஆகிய ஆண்டுகளில் புதுப்பித்த அணுகல் நெறிகள். படத்துக்கு மாற்று எழுத்து வேண்டும். சுட்டி இல்லாமல் விசைப்பலகையாலேயே எல்லாம் செய்ய முடிய வேண்டும். எழுத்துக்கும் பின்னணிக்கும் நிற வேறுபாடு குறைந்தது 4.5க்கு 1 இருக்க வேண்டும். இன்னும் பல உண்டு.

தமிழுக்கென்று தனியாக ஒரு சிக்கல் இருக்கிறது. பாமினி போன்ற பழைய எழுத்துருவில் “தமிழ்” என்று தட்டினால் கண்ணுக்குத் தமிழாகத் தெரியும். உள்ளே இருப்பதோ ஆங்கில எழுத்துகள். திரைவாசிப்பான் “ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி” என்றுதான் படிக்கும். ஒருங்குறியில் தட்டினால்தான் அது தமிழாக ஒலிக்கும்.

கடைக்காரர்களை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. மூன்றாண்டுகளுக்கு முன் நான் மாணவர்களுக்குப் பகிர்ந்த இலக்கணத் தொகுப்பு, நாற்பது பக்கமும் வருடியெடுத்த படம். அந்த மாணவிக்கும் அதைத்தான் அனுப்பியிருந்தேன். “பக்கம் காலின்னு சொல்லுது சார்” என்றார். இப்போது அதை ஒருங்குறியில் தட்டிக்கொண்டிருக்கிறேன். புணர்ச்சி வரை வந்திருக்கிறது.