தறிக்குழியிலிருந்து ஆழியாறு வரை

குழித்தறியில் காலை இறக்கி, நாள் முழுதும் நாடாவை எறிந்து முதுகு கூனிப்போகும் நெசவாளர் குடும்பமொன்றில், 1911-இல் கூடுவாஞ்சேரியிற் பிறந்த வேதாத்திரி மகரிஷி, சரீர சுகமும் மனச் சமநிலையும் கூடினாலன்றி ஆனந்தமில்லை என்றுணர்ந்து வகுத்த எளியமுறை உடற்பயிற்சி, 1984-இல் ஆனைமலை அடிவாரத்து ஆழியாற்றில் அவர் நிறுவிய அறிவுத் திருக்கோயில் எழுந்தபின், திருப்பூர் உள்ளிட்ட கொங்கு நாட்டில் நன்கு வேரூன்றிற்று. கை, கால், மூச்சு, கண் என்று தொடங்கி, மல்லாந்து படுத்து முழங்காலை மடக்கி இடுப்பை இருபுறமும் திருப்பும் மகராசனம் முதலானவற்றைக் கொண்ட அப்பயிற்சியோடு, ஆசை சீரமைத்தல், சினம் தவிர்த்தல், கவலை ஒழித்தல் என்னும் அகத்தாய்வையும் அவர் பிணைத்தார். என் அபிப்பிராயத்தில் அவருடைய சாமர்த்தியம் அதிலேதான். அவரோ 2006-இல் மறைந்தார்; பயிற்சியோ நம்மிடம் இருக்கிறது. ஆர்டரை முடிக்க நள்ளிரவு வரை ஓவர்லாக் மிஷினை ஓட்டச் சொல்லும் திருப்பூர்ப் பனியன் கம்பெனி முதலாளிமார், தொழிலாளர்க்கு இப்பயிற்சிக்கென அரைமணி நேரத்தைச் சம்பளப் பிடித்தமின்றி அளிப்பார்களாக!