பூணூல் வழக்கு: மதுரைக் கத்தோலிக்கர் முன் நின்ற அறக்கேள்வி

ஒரு செயல் தகுமா தகாதா என்று துணிவதற்குக் கத்தோலிக்க மரபு மூன்று வினாக்களைக் கேட்கும். செய்யப்படுவது யாது? செய்பவரின் நோக்கம் யாது? எச்சூழலில் அது செய்யப்படுகிறது? 13ஆம் நூற்றாண்டில் தாமஸ் அக்குவினாஸ் விரித்துரைத்த இம்முறையில், செயல் தன்னளவிலேயே தீதாயின், நோக்கம் எவ்வளவு தூயதாயினும் அதனை நல்லதாக்காது. ஏட்டில் இது தெளிவாகவே இருக்கிறது. ஆயினும் முதல் வினாவுக்கே விடை காண்பது எத்துணை அரிது என்பதை, நம் தமிழ் மண்ணில் எழுந்த ஒரு வழக்கின் வழியே இங்கு நோக்குவோம்.

1606இல் இத்தாலியரான இராபர்ட் தெ நொபிலி மதுரைக்கு வந்தார். அங்கே அவருக்கு முன்பே இயேசு சபையைச் சேர்ந்த கொன்சாலோ பெர்னாண்டஸ் என்னும் போர்த்துக்கீசியர் ஏறத்தாழப் பத்தாண்டுகளாகப் பணியாற்றிவந்தார். முத்துக்குளித்துறையிலிருந்து வந்துபோகும் பரதவக் கிறித்தவர்களுக்கு அவர் துணையாக இருந்தார். மதுரை மக்களோ அவர் பக்கம் திரும்பவில்லை. அதற்குரிய காரணத்தை ஒரு சொல்லிலேயே காணலாம். கிறித்தவராவதைப் 'பரங்கிக் குலத்தில்' புகுவதென்றே மக்களும் மறைப்பணியாளரும் சொல்லிவந்தனர். நம் முன்னோர் செவியில் பரங்கி என்பது மதத்தின் பெயரன்று. மாட்டிறைச்சி உண்டு, மது அருந்தும் அயலாரின் பெயர்.

நொபிலி தாம் பரங்கியல்லர் என்றார். காவி உடுத்தார், புலால் நீக்கினார், தனியே குடியிருந்து தமிழும் தெலுங்கும் வடமொழியும் பயின்றார். அவருக்கு வடமொழி கற்பித்த சிவதருமர் என்னும் அந்தணர் திருமுழுக்குப் பெற்றபோது பூணூலையும் குடுமியையும் களையவில்லை. வழக்கு இங்கேதான் மூண்டது. சிலை வணக்கத்தின் அடையாளத்தை ஒரு கிறித்தவர் மேனியில் விட்டுவைக்கலாமா? 1610இல் பெர்னாண்டஸின் முறையீடு மேலிடம் சென்றது.

இருவரும் வாதத்திற்கு வேதநூலை மட்டும் நாடாமல், நாட்டு வழக்கங்களை ஆராயப் புகுந்தனர். இதுவே இவ்வழக்கில் நம்மை மிகவும் ஈர்ப்பது. நொபிலி 1613இல் இலத்தீனில் ஒரு விளக்கம் எழுதினார். மனுநூலை எடுத்துக்காட்டி, மதுரை அந்தணரிடம் சான்றும் பெற்று, பூணூல் குலத்தையும் கல்வித்தகுதியையும் காட்டும் உலகியல் அடையாளமே என்று நிறுவ முயன்றார். பெர்னாண்டஸ் 1616இல் அந்தணர் சடங்குகளைப் படிப்படியாக எழுதிக்காட்டி, மந்திரமும் வேள்வியுமின்றிப் பூணூல் ஏது என்றார். பெர்னாண்டஸைக் கல்வி குறைந்த பழைய படைவீரர் என்று ஒதுக்கிவிடுவோர் உண்டு. அது முறையன்று, கண்டதைக் கண்டவாறு எழுதிய அவர் ஏடு இன்றும் பயன்படும்.

அறிஞர் இருபாலும் நிற்கும்போது யார் சொல்லைக் கொள்வது? 1577இல் சாலமன்கா அறிஞர் பர்த்தலோமே தெ மெதினா இதற்கொரு விதி சொல்லியிருந்தார்: தக்க காரணமுடைய கருத்தொன்றை, எதிர்க்கருத்து அதனினும் வலிதாயினும், பின்பற்றலாம். இயேசு சபையினர் பலர் இதனை ஏற்றனர். நொபிலி மயிலாப்பூரில் மறைந்த 1656ஆம் ஆண்டிலேயே பிரான்சில் பாஸ்கல் இவ்விதியை எள்ளி மடல்கள் எழுதத் தொடங்கினார் என்பது தற்செயலே.

1619இல் கோவாவில் கூடிய அவை பிளவுபட்டது. 1623இல் திருத்தந்தை பதினைந்தாம் கிரகோரி தீர்ப்பளித்தார்: பூணூல், குடுமி, சந்தனம், நீராடல் ஆகியவற்றை மூடநம்பிக்கை நீக்கிக் கைக்கொள்ளலாம். நொபிலி வென்றார்.

ஆனால் வென்ற வாதத்தையே நாம் சற்று நிறுத்திப் பார்க்கவேண்டும். பூணூல் வழிபாட்டுப்பொருளன்று, குலக்குறியே என்றால் சிலைவணக்கக் குற்றம் நீங்கும். ஒரு குலத்தை மற்றொன்றின் மேல் நிறுத்தும் குறி குற்றமற்றதா? மதுரையில் அப்போதே இரு கிறித்தவக் கோயில்கள் இருந்தன. ஒன்றன் மக்கள் மற்றொன்றில் சேர்வதில்லை. முதல் வினாவை 'இது வழிபாடா?' என்று சுருக்கிக்கொண்டமையால், 'இது இழிவு செய்வதா?' என்பது வழக்கின் விளிம்பிலேயே நின்றது. கிரகோரியின் தீர்ப்பு அதனைத் தொட்டுச் செல்கிறது: குலப்பெருமை கொண்டோர் எளியோரை இகழவேண்டா என்று அது வேண்டிக்கொள்கிறது. பூணூலுக்கு விதி கிடைத்தது. எளியோருக்கு வேண்டுகோள் கிடைத்தது.

பின்னர் 'பண்டார சுவாமிகள்' என்னும் மற்றொரு வகைத் துறவியர் தோன்றிப் பிற குலத்தாரிடையே பணியாற்றினர். எனினும் பறையர் இல்லத்தினுள் நுழைந்தால் உயர்குலத்தார் விலகிவிடுவர் என்ற அச்சத்தால், நோயுற்றுக் கிடப்போருக்கு இறுதி அருட்சாதனங்களை வீட்டு வாயிலுக்கு வெளியே வைத்து வழங்குவது வழக்கமாயிற்று. 1703இல் புதுச்சேரிக்கு வந்த திருத்தந்தையின் தூதர் தூர்னோன் 1704இல் இதனைத் தடுத்தார். குரு உள்ளே செல்லவேண்டும், நோயாளியை வெளியே தூக்கிவரலாகாது என்று ஆணையிட்டார். நூறாண்டு வாதத்தில் கேட்கப்படாத வினா, சாகக் கிடக்கும் ஒருவரின் வாயிற்படியில்தான் ஆணையாக எழுந்தது. அதே ஆணை திருநீற்றையும் பிள்ளையார் உருவம் பொறித்த தாலியையும் விலக்கியமையால், மறைப்பணியாளர் அதனை முழுமூச்சாக எதிர்த்தனர்.

1744இல் பதினான்காம் பெனடிக்ட் தடைகளை உறுதிசெய்தார். பறையர் இல்லங்களுக்குச் செல்வதற்கென்றே தனிக் குருக்களை அமர்த்தலாம் என்ற ஏற்பாட்டையும் அவர் ஏற்றார். அத்தடைகளுக்குக் கட்டுப்படுவதாக இந்நாட்டு மறைப்பணியாளர் எடுத்துவந்த உறுதிமொழி 1940இல்தான் நீக்கப்பட்டது.