லேப்டாப்பில் எத்தனை கோர் வேண்டும்?

கல்லூரியில் சேரும் பிள்ளைக்கு லேப்டாப் வாங்க நம் பழனிசெட்டிபட்டியிலிருந்து தேனிக்குப் போகிறீர்கள். கோர் கூடினால் பல வேலைகள் ஒரே நேரத்தில் வேகமாக நடக்கும் என்பார் கடைக்காரர். விலையும் கூடும். அந்தக் கூடுதல் பணம் தேவைதானா? கொஞ்சம் பின்னோக்கிப் போனால் பதில் கிடைக்கும்.

1973-இல் சென்னை ஐ.ஐ.டி.யில் ஐ.பி.எம். 370/155 என்ற பெரிய கணினி நிறுவப்பட்டது. அதற்கு ஒரே செயலி. இன்றைய பேச்சில் ஒரு கோர். பலருடைய வேலைகளையும் அது மாற்றி மாற்றிச் செய்தது. வங்கியில் ஒரே கிளார்க் ஒருவருக்கு டோக்கன் கொடுத்து, இடையில் இன்னொருவருக்குப் பாஸ்புக் போட்டுக் கொடுப்பதைப் போலத்தான். விண்டோஸ் 95 காலத்திலும் வீட்டுக் கணினியில் ஒரு கோர்தான். பாட்டுக் கேட்டுக்கொண்டே கடிதம் டைப் அடித்தோம்.

பிறகு ஏன் கோர் கூடியது? அதுவரை ஒரு கோரின் வேகத்தையே கூட்டி வந்தார்கள். 2004-இல் பென்டியம் 4 செயலி 3.8 கிகாஹெர்ட்ஸை எட்டியது. சூட்டைச் சமாளிப்பது பெரும்பாடாகி, 4 கிகாஹெர்ட்ஸ் திட்டத்தை இன்டெல் கைவிட்டது. ஐ.பி.எம். 2001-லேயே தன் பவர்4 சிப்பில் இரண்டு கோர் வைத்திருந்தது. 2005-இல் இன்டெல்லும் ஏ.எம்.டி.யும் வீட்டுக் கணினிக்கும் இரண்டு கோர் கொண்டுவந்தன.

ஒன்று இரண்டானதும், இரண்டு நான்கானதும் நமக்கு நல்ல பலன் தந்தன. ஒரு புரோகிராம் மும்முரமாக ஓடினாலும் மற்றது நிற்பதில்லை. அதற்கு மேல் பலன் குறைகிறது. காரணத்தை ஜீன் அம்டால் 1967-லேயே சொன்னார்: ஒரு வேலையில் பாதி ஒன்றன்பின் ஒன்றாகத்தான் நடக்க முடியும் என்றால், எத்தனை செயலி சேர்த்தாலும் வேகம் இரு மடங்கைத் தாண்டாது. எட்டுக் கவுண்டர் திறந்தாலும், செக்கைப் பாஸ் செய்யும் அதிகாரி ஒருவர்தான் என்றால் கூட்டம் அவர் மேசை முன்னால் நிற்கும்.

இன்னொன்று, ரேம் என்பது கிளார்க்கின் மேசை. மேசை சிறிதானால் ஒவ்வொரு லெட்ஜருக்கும் ரிக்கார்டு அறைக்கு நடக்க வேண்டும். அங்கே எட்டுக் கிளார்க் இருந்தும் பயனில்லை.

ஆகவே ஆன்லைன் வகுப்பு, பிரவுசர், வேர்டு, எக்செல் இவற்றுக்கு நான்கு அல்லது ஆறு கோர் போதும். மிச்சப் பணத்தை 16 ஜி.பி. ரேமுக்கும் எஸ்.எஸ்.டி.க்கும் போடுங்கள். வீடியோ எடிட்டிங், பெரிய மென்பொருள் உருவாக்கம் என்றால் எட்டுக் கோர் வாங்கலாம்.

பழைய லேப்டாப்பை மாற்றுமுன் டாஸ்க் மேனேஜரைத் திறந்து பாருங்கள். சி.பி.யு. சும்மா இருந்து, மெமரி நிரம்பி வழிந்தால், ரேம் கூட்ட முடியுமா என்று முதலில் கேளுங்கள். புது லேப்டாப் செலவே மிச்சமாகலாம்.